நாலு நிமிஷம் திருடியவன்

அவன் திருடன் ஐயா. நாலு நிமிஷம் திருடினான். நகையைத் திருடினவனைத் தூணில் கட்டி வைக்கலாம். நிமிஷத்தைத் திருடினவனை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்துவது? கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, வாயால் இருபத்தைந்து என்று சொல்லி, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, இருபத்தொன்றில் முடித்துவிட்டான்.

உங்களைச் சொல்லவில்லை, பதறாதீங்க. மாயவரத்தில் ஏறினதிலிருந்து உங்கள் மடியில் இருக்கிற புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன். அந்த எழுத்து எனக்குத் தெரியும். படிக்கத் தெரியாது, பார்த்தால் தெரியும். மீன்முள் மாதிரி கொக்கி கொக்கியாக இருக்கும். தரங்கம்பாடிப் பள்ளிக்கூடத்து வாத்தியாரா? ஜெர்மன் பாதிரிமாரிடமே படித்ததா? சரிதான், சரிதான். பதினோரு வருஷமாக இந்த எழுத்தைப் படிக்கிற ஆளைத் தேடுகிறேன். நாகப்பட்டினத்துக் குமாஸ்தா ஒருவன் இங்கிலீஷ் படித்தவன், காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மழுப்பினான். அடிக்கப் போய்விட்டேன்.

நான் திருக்கடையூரில் இறங்க வேண்டும். இந்த வண்டி போகிற போக்குக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் ஒரு காகிதம் படித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சும்மா வேண்டாம். இந்தப் பூவம்பழச் சீப்பு உங்களுக்கு. வேண்டாமா? இரண்டு சீப்பு. சிரிக்காதீங்க, எனக்கு யாரும் எதையும் சும்மா தந்தது கிடையாது, நானும் சும்மா கேட்டது கிடையாது.

காகிதம் இடுப்பில் இருக்கிறது. எடுக்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்க, அப்போதுதான் படிக்கிறபோது புரியும்.

என் பெயர் பக்கிரிசாமி. நாகப்பட்டினம். பல் விழுந்து முளைக்கிற வயதில் தோணியில் போய்க் கப்பல்காரனுக்கு எலுமிச்சம்பழம் விற்றவன். கீழே தோணியிலிருந்து மேலே நிற்கிறவனிடம் பேரம் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? கழுத்து வலிக்கும். அவன் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். குரலை வைத்தே அவனுக்கு எவ்வளவு தேவை என்று கண்டுபிடிக்கணும். அதுதான் என் பள்ளிக்கூடம். அப்புறம் அந்தக் கப்பல்களிலேயே ஏறிப் பண்டாரி ஆனேன். பண்டாரி என்றால் நம் ஆட்களுக்குச் சமைக்கிறவன். சாமான் கிடங்கின் சாவி அவன் இடுப்பில்தான் இருக்கும். இதோ, பாருங்க, இன்னும் இருக்கிறது. கப்பல் கடலுக்கடியில் போய்விட்டது, சாவி என்னிடம்.

ஏன் வைத்திருக்கிறேன் என்றா கேட்கிறீர்கள்? என் சாவி, வைத்திருக்கிறேன்.

அந்தக் கிடங்குக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்புக் கதவு. கரி அள்ளுகிற பயல்கள் புகுந்து வெல்லத்தைத் திருடித் தின்பான்கள். நான் ஒரு வேலை செய்தேன். கதவைக் கொஞ்சம் சாய்த்து மாட்டி, விட்டால் தானாகவே மூடிக்கொள்கிற மாதிரி வைத்தேன். மூடினால் தாழ் தானே விழும். வெளியிலிருந்து என் சாவி போட்டால்தான் திறக்கும். உள்ளே நுழைந்த திருடன் நான் வருகிற வரைக்கும் உள்ளேயே இருப்பான். இரண்டு பேரைப் பிடித்தேன். அந்த இங்கிலீஷ் கப்பித்தானே வந்து பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். என் உதவியாள் உள்ளே போகும்போது ஒரு வெங்காய மூட்டையைக் கதவுக்கு அண்டக் கொடுத்துவிட்டுப் போவான்.

உதவியாள் யார் என்று சொல்லவில்லையே. வைரக்கண்ணு. என் தங்கை தைலம்மையின் புருஷன். கரையில் வலை பின்னிக்கொண்டு கிடந்தான். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தைலம்மை தடுத்தாள். மேற்கே சண்டை நடக்கிறது, தண்ணிக்கடியில் ஒளிந்து வந்து கப்பலை உடைக்கிறானாமே, குழந்தைக்கு மூன்று வயதுதான் ஆகிறது என்றாள். நான் இருக்கிறேன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நான் இருக்கிறேன். இருக்கிறேன்தானே? இதோ, இருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு, ஐப்பசி மாதம். சூயஸ் தாண்டி மூன்றாம் நாள். கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. நடுப்பகல். முதலில் என் கோழிகள் சத்தம் போடுவதை நிறுத்தின. பதினான்கு கோழி, ஒன்றுகூடக் கொக்கரிக்கவில்லை. நான் கூண்டைப் பார்த்துக் குனிந்தேன், நிமிர்ந்தபோது தண்ணீரில் அது நின்றது. வந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் முன்னால் வெறும் தண்ணீர், இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு நீளமான முதுகு, தண்ணீர் வழிய வழிய. அதன் மேல் பீரங்கி. ஒரு குண்டு எங்கள் மூக்குக்கு முன்னால் விழுந்தது. எஞ்சினை நிறுத்தினார்கள். எஞ்சின் நின்ற கப்பலில் இருந்திருக்கிறீர்களா ஐயா? காலடியில் எப்போதும் ஒரு உதறல் இருக்கும். அது போய்விட்டால் நிற்கிற இடமே இல்லாத மாதிரி இருக்கும்.

படகில் ஆறு பேர் வந்தார்கள். எங்கள் கப்பித்தானைப் பிடித்து நீர்மூழ்கிக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வெள்ளைக்கார அதிகாரி எதிரியோடு பேசமாட்டேன் என்று போய்ப் படகில் உட்கார்ந்துகொண்டான். வந்தவர்களுக்குத் தலைவன் ஒருவன், மஞ்சள் தாடி, சங்கிலி போட்ட கடிகாரம். கப்பல் இங்கிலீஷ் பேசினான், எனக்கும் அது போதும். பதினைந்து நிமிஷம், எல்லோரும் படகில் இறங்குங்கள், வெடிகுண்டு வைக்கப்போகிறேன் என்றான்.

பதினைந்து என்றதும் எனக்குள் என்னவோ ஆயிற்று. முதல் விலையை ஒத்துக்கொண்டதே இல்லையே நான்.

அவன் பின்னால் நின்ற ஆட்களைப் பார்த்தேன். எல்லோர் முகமும் வெளுத்துக் கிடந்தது. ஒருவன் வாய் ஓரத்தில் புண். என் வெங்காய மூட்டையைப் பார்த்தான், ஒன்றை எடுத்தான், தோலோடு கடித்துத் தின்றான், கண்ணில் தண்ணீர் வழிய. எனக்குத் தெரிந்துவிட்டது. தோணியில் கற்றதுதான். இவனுக்குத் தேவை இருக்கிறது. தேவை இருக்கிறவனிடம் துப்பாக்கி இருந்தால் என்ன?

கேட்டேன். கோழி பதினான்கு தருகிறேன், மூன்று மூட்டை வெங்காயம் தருகிறேன், பதினைந்தை முப்பதாக்கு, எங்கள் படகுகளைக் கயிறு கட்டிக் கரைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் விடு. கரை அறுபது மைல். அவன் சிரித்தான். நானே எடுத்துக்கொண்டால் என்ன செய்வாய் என்றான். கிடங்கு எங்கே, எதில் என்ன இருக்கிறது என்று தேடுவதற்குள் உன் பதினைந்து நிமிஷம் போய்விடும், அதற்குள் இங்கிலீஷ்காரன் புகை தெரிந்தால் நீ முங்க வேண்டியதுதான் என்றேன். மறுபடி சிரித்தான். இருபத்தைந்து என்றான். கை குலுக்கினோம். பத்து நிமிஷம் வாங்கினேன் ஐயா! முப்பத்திரண்டு பேருக்கும் பத்துப் பத்து நிமிஷம் வாங்கிக் கொடுத்தேன். எந்தப் பண்டாரி செய்திருக்கிறான்?

ஆனால் நம் ஆட்கள் பயந்த கழுதைகள். பன்னிரண்டு நிமிஷத்தில் எல்லோரும் படகில். நானும் வைரக்கண்ணுவும்தான் மேலே, சாமான் இறக்கிக் கொடுத்துக்கொண்டு. கோழி போயிற்று, வெங்காயம் மூன்று மூட்டையும் போயிற்று. அப்போது அந்த வாய்ப்புண்காரன் கேட்டான், எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று.

இருந்தது. ஒரு கூடை, கிடங்கின் கோடியில். எலுமிச்சம்பழத்தைக் கடைசிவரை கையில் வைத்துக்கொள்வது என் பழக்கம். அதை மட்டும் கொடுத்தால் இன்னும் இரண்டு மணி நேரம் கூட இழுத்துக்கொண்டு போவான்கள். வைரக்கண்ணுவைப் பார்த்தேன். அவன் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டான்.

"மச்சான், போதும் மச்சான். இறங்கிடுவோம்."

"ஓடு மாப்பிள்ளே. கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துடலாம். நான் இருக்கேன்."

போனான். சாவியைக் கொடுக்கவில்லை, கதவு அப்போது திறந்துதான் இருந்தது. ஏதோ சாமான் இடுக்கியிருந்தது. விவரமானவன், உள்ளே போனால் எதையாவது அண்டக் கொடுத்துக்கொள்வான்.

என்ன கேட்கிறீர்கள்? வெங்காய மூட்டையா? வெங்காய மூட்டை மூன்றும்தான் படகில் இருந்ததே.

வேறு எதையாவது வைத்திருப்பான். நடுவில் குறுக்கிடாதீங்க.

மஞ்சள் தாடிக்காரன் காகிதம் எழுதினான். நான்தான் எழுதச் சொன்னேன். வாயால் சொன்னதை நம்புகிறவன் இல்லை நான். என்ன கொடுத்தேன், என்ன தருகிறாய், எழுது என்றேன். ஏணிக்கு மேலே, முழங்காலில் பலகையை வைத்து எழுதினான். அவன் கையெழுத்துப் போட்டான். நாளைக்கு அவன் இல்லையென்று சொல்லக்கூடாது பாருங்க, அதனால் நானும் தமிழில் பெயர் எழுதினேன். எழுதுகிறபோது என்னமோ கேட்டான். தலையை ஆட்டினேன். பேரம் முடிகிற நேரத்தில் எதிராளி எது கேட்டாலும் தலையை ஆட்டணும். கை குலுக்கின பிறகு, இன்னும் ஒன்று பாக்கி என்று வாய் திறந்தால் எல்லாம் கலைந்துவிடும். கலைந்தால் முப்பத்தொரு பேர் நடுக்கடலில். அதையும் நினைக்கணுமா இல்லையா?

ஏணியில் இறங்கினோம். படகைத் தள்ளினார்கள். நான் கப்பலின் கைப்பிடிக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வருவான், கூடையோடு தலை தெரியும், குதிப்பான். கடலோரத்துப் பிள்ளை, மீன் மாதிரி நீந்துவான். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அந்தத் தாடிக்காரனுக்குத் தெரிந்துவிடும், ஆள் இருக்கிறது என்று. எனக்குப் போர்ட் சையத் துறைமுகத்தில் வாங்கின கடிகாரம் ஒன்று உண்டு. பார்த்தேன். பத்தொன்பது. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கிறது, ஆறு நிமிஷம் என்பது கொஞ்சமா? ஆறு நிமிஷத்தில் ஒரு கோழியை உரித்துக் கழுவித் துண்டு போட்டுவிடுவேன்.

இருபத்தொன்றில் வெடித்தது.

சத்தம் பெரிதாக இல்லை. யாரோ கதவை ஓங்கிச் சாத்தின மாதிரி. அப்புறம் கப்பல் பின்பக்கமாக உட்கார ஆரம்பித்தது, அவசரமே இல்லாமல். கிடங்கு முன்பக்கம். முன்பக்கம் ரொம்ப நேரம் மேலே நின்றது ஐயா. ரொம்ப நேரம்.

இது எந்த ஸ்டேஷன்? செம்பனார்கோயிலா? இருக்கிறது, நேரம் இருக்கிறது.

சொன்ன சொல்லுக்கு இழுத்துக்கொண்டுதான் போனான்கள், அதை மறைக்கமாட்டேன். நான் முதல் படகில், நீர்மூழ்கிக்குப் பக்கத்தில். அதன் முதுகில் வயதான எஞ்சின்காரன் ஒருவன் உட்கார்ந்து புகை பிடித்தான். மெட்ராஸ், பினாங்கு எல்லாம் பார்த்தவனாம். நான் அவனிடம் கேட்டுக்கொண்டே வந்தேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. வாய் நின்றால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. எங்களை ஏன் அடியிலிருந்தே அடித்து உடைக்கவில்லை என்றேன். அடியில் விடுகிற குண்டு நாலைந்துதான் இருக்கும், உன் மாதிரிக் கப்பலுக்கு அதை வீணாக்குவதா, வெடிமருந்துப் பொட்டலம் போதும் என்றான். அவர்கள் கடற்படையின் முதல் நீர்மூழ்கிகளில் அவன் வேலை பார்த்தவன். மண்ணெண்ணெயில் ஓடுமாம். வெள்ளைப் புகை கக்குமாம், ஒளிந்து போகிற கப்பலுக்குக் குதிரைவால் மாதிரி புகை, எதிரி வெகு தூரத்திலேயே பார்த்துவிடுவானாம். அப்படிப்பட்ட ஒரு மண்ணெண்ணெய்க் கப்பல்தான் சண்டை தொடங்கின புதிதில் ஒரே காலையில் மூன்று இங்கிலீஷ் கப்பல்களைக் கவிழ்த்ததாம். பெருமையாகச் சொன்னான். எனக்கென்ன பெருமை.

அப்புறம் ஒன்று சொன்னான். அதைத்தான் உங்களிடம் கேட்க வேண்டும், நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவன் பாட்டன் காலத்தில், எழுபது வருஷத்துக்கு முன்னால், கீல் என்று ஒரு துறைமுகத்தில் அவர்களுடைய முதல் நீர்மூழ்கியைச் செய்தார்களாம். எஞ்சின் கிடையாது. இரும்புத் தகட்டில் ஒரு பெரிய மீன் மாதிரி, உள்ளே இரண்டு பேர் சக்கரத்தை மிதிக்க, செய்தவனே ஓட்டினானாம். சொந்தத் துறைமுகத்திலேயே முழுகி அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. உள்ளே மூன்று பேர். தகடு நசுங்குகிறது. கதவைத் தள்ளினால் நகரவில்லை, வெளியே அவ்வளவு தண்ணீர் அழுத்துகிறது. செய்தவன் சொன்னானாம், தண்ணீரை உள்ளே விடுங்கள் என்று. மற்ற இரண்டு பேரும் அவனை அடிக்கப் போனார்களாம். இருட்டில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறான். உள்ளே தண்ணீர் ஏறி, உள்ளே இருக்கிற அழுத்தமும் வெளியே இருக்கிற அழுத்தமும் ஒன்றாகிவிட்டால், கதவு தானே திறக்குமாம். கடைசியில் திறந்தது. மூன்று பேரும் தக்கை மாதிரி மேலே வந்தார்களாம். மூன்று பேரும் பிழைத்தார்கள்.

உண்மைதானா? உண்மையா! புத்தகத்தில் இருக்கிறதா?

அப்படியானால் சொல்லுங்க. என் கிடங்குக் கதவும் இரும்புதான். தண்ணீர் உள்ளேயும் ஏறியிருக்கும். பொறுத்திருந்தால் திறந்திருக்கும், இல்லையா? தாழ் ஒன்று இருக்கிறது, இருந்தாலும் அழுத்தம் என்று ஒன்று இருக்கிறதே. அவன் பொறுமைசாலி ஐயா, வலை பின்னுகிறவன்.

புத்தகத்தை ஏன் மூடிவிட்டீர்கள்?

போகட்டும். ஊருக்கு வந்தேன். தைலம்மையிடம் நடந்ததைச் சொன்னேன். உங்களிடம் சொன்ன மாதிரியே சொன்னேன், ஜெர்மன்காரன் நாலு நிமிஷம் ஏமாற்றிவிட்டான் என்று. அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ எப்படிண்ணே வந்தே?"

படகில் வந்தேன் என்றேன். வேறு எப்படி வருவார்கள்? அவள் என் இடுப்பில் இருந்த சாவியைப் பார்த்தாள்.

"கடிகாரத்தைப் பிடிச்சிக்கிட்டு நின்னானே, அவன் வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் என் படி ஏறாதே."

அப்புறம் திருக்கடையூருக்குக் குடி போய்விட்டாள். கோயில் வாசலில் பூ கட்டுகிறாள். தாலியைக் கழற்றவில்லை. எமனை உதைத்த சாமி இருக்கிற ஊர் இல்லையா, அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். பதினோரு வருஷமாக நான் அந்தத் தெரு முனை வரைக்கும் போவேன், திரும்புவேன். அந்த மூன்று வயதுக் குழந்தை, செங்கமலம், அவளுக்கு நாளன்றைக்குக் கலியாணம். தாய்மாமன் நான் ஒருவன்தான். மாமன் மாலை போடாமல் பெண்ணை மணையில் உட்கார வைப்பார்களா? எனக்குப் பத்திரிகை வரவில்லை. ஊரான் சொல்லித் தெரிகிறது எனக்கு. இந்த மூட்டையில் கூறைப்புடவை இருக்கிறது, மாலைக்குச் சொல்லியிருக்கிறேன், எல்லாம் இருக்கிறது. அவள் கேட்ட ஒன்றுதான் இல்லை. அவன் வாய். அவன் வாய் எங்கே கிடைக்கும்? ஆனால் அவன் கை இருக்கிறது. இதோ.

மெதுவாகப் பிரிங்க, மடிப்பில் கிழிந்திருக்கிறது. மேலே அச்சடித்திருக்கிறதே, உங்கள் புத்தகத்து எழுத்துதானே? படிங்க. தமிழில் சொல்லுங்க. ஆக்கூர் தாண்டிவிட்டது.

ஆமாம், பதினான்கு கோழி. ஆமாம். வெங்காயம் மூன்று மூட்டை, ஆமாம். பார்த்தீர்களா, ஒன்றுகூடக் குறைக்கவில்லை. படகுகளை இழுத்துச் செல்வது, சரி. அவகாசம் பதினைந்து நிமிஷம், கப்பல் சமையல்காரன் கேட்டுக்கொண்டபடி இருபத்தைந்து. பார்த்தீர்களா! இருபத்தைந்து! எழுதியிருக்கிறான்! இது போதும் எனக்கு. இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி நீங்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நேராகப் போய் அவள் முன்னால் வைப்பேன்.

கீழே இன்னும் ஒரு வரியா? அது கையெழுத்தாக இருக்கும். கையெழுத்துக்கு மேலேயா?

படிங்க.

என்ன நிறுத்திவிட்டீர்கள், படிங்க ஐயா.

"கப்பலில் எவரும் மீதமில்லை என்று சமையல்காரன் உறுதி சொன்னதால், அவகாசம் முடியக் காத்திராமல் திரி கொளுத்தப்படும்."

இன்னொரு தரம்.

அதற்குக் கீழே யார் பெயர்? தமிழிலா. பக்கிரிசாமி. ஆமாம், என் எழுத்துதான். ரகரம் அப்படித்தான் போடுவேன்.

நான் சொல்லவில்லை ஐயா. தலையை ஆட்டினேன். தலையை ஆட்டினதை மையில் எழுதுவானா ஒருவன்? வாயைத் திறந்தேனா நான்? சாட்சி உண்டா? பேரத்தில் ஆயிரம் தலையாட்டல் இருக்கும், அதையெல்லாம் எழுதினால் உலகத்தில் யார் வியாபாரம் செய்வது? கொழுப்பெடுத்தவன். கோழியை எழுது, வெங்காயத்தை எழுது. இதை எழுதச் சொன்னது யார்?

நீங்கள் ஒன்று செய்யுங்க. மேலே இருக்கிறதை மட்டும் தமிழில் எழுதிக் கொடுங்க. இருபத்தைந்து வரைக்கும் போதும். கடைசி வரி அவளுக்கு எதற்கு? கலியாண வீடு. பழம் முழுக்க எடுத்துக்கொள்ளுங்க, குலையோடு எடுத்துக்கொள்ளுங்க. முடியாதா? படித்தவர்கள் எல்லாம் இப்படித்தான். தலையை ஆட்டாதீங்க என்னிடம். தலையை ஆட்டாதீங்க.

காகிதத்தைக் கொடுங்க.

வண்டி நிற்கிறது. எனக்குத் தெரியும் எந்த ஊர் என்று, கோபுரம் தெரிகிறதே. இருக்கட்டும், நான் இறங்கவில்லை. நீங்கள் கவலைப்படாதீங்க, தரங்கம்பாடி வரைக்கும் டிக்கெட் வாங்கிக்கொள்வேன், உங்கள் ஊர் வரைக்கும் வருவேன். உங்கள் பாதிரிமாருக்கு ஜெர்மன் தேசத்தில் ஆள் இருக்கும். கடற்படையில் கேட்டால் அவன் பெயர் தெரியும், இதோ கையெழுத்து இருக்கிறது. இன்றைக்கே எழுதுங்க. நான் சொல்கிறபடி எழுதுங்க.

நீ நாலு நிமிஷம் திருடினாய். சரி, அதை விட்டுவிடுகிறேன், போ. நாலு நிமிஷத்தையும் உனக்கே கொடுத்துவிடுகிறேன். ஆனால் அந்தக் கடைசி வரியை நீதான் எழுதினாய். நான் அடித்தால் செல்லாது, வாத்தியார் அடித்தால் செல்லாது. கப்பலேறி வா. திருக்கடையூர்க் கோயில் வாசலில் பூ கட்டுகிறவள் எதிரில் நில். அதே மையால், உன் கையால், அந்த வரியை அடித்துவிட்டுப் போ. நாளன்றைக்கு முகூர்த்தம். அதற்குள் வா.